வடிவியலைத் தாண்டிப் போன கோடை

அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. சாப்பாட்டு மேசையில் மகள் ஒரே கணக்கை முக்கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராம் வகுப்பு, ஏ.பி. கால்குலஸ் பி.சி., அதாவது பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலை நுண்கணிதப் பாடம். கூம்பு வடிவத் தொட்டி ஒன்று, கூர்முனை கீழே. உயரம் 12 அடி, மேல்விளிம்பில் ஆரம் 4 அடி. நிமிடத்துக்கு 2 கன அடி தண்ணீர் உள்ளே விழுகிறது. தண்ணீரின் ஆழம் 6 அடியாக இருக்கும் நேரத்தில் மட்டம் என்ன வேகத்தில் ஏறும்?

கால்குலஸ் படித்தவர்கள் எல்லாருக்கும் இந்தத் தொட்டியைத் தெரிந்திருக்கும். அவள் கன அளவு வாய்பாட்டைச் சரியாக எழுதியிருந்தாள். மூன்றில் ஒரு பங்கு பை ஆர் ஸ்கொயர் எச். அதைக் காலத்தைப் பொறுத்து வகையிட்டு, பெருக்கல் விதியும் போட்டு, நீளமாக ஒரு வரியைக் கொண்டுவந்திருந்தாள். அதிலும் ஒரு பிழை இல்லை. அந்த வரியில்தான் நின்றுவிட்டாள்.

"அம்மா, டெரிவேடிவ் எல்லாம் கரெக்டுதான். ஆனா ஆர் எவ்வளவு வேகமா மாறுதுன்னு கொஸ்டின்ல குடுக்கவே இல்ல."

"தொட்டிய நடுவுல ரெண்டா வெட்டுன மாதிரி ஒரு படம் போடு" என்றேன்.

தலைகீழாக ஒரு முக்கோணம் போட்டாள். தண்ணீர் மட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"இதுல எத்தனை முக்கோணம் இருக்கு?"

"ஒண்ணு." கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, ரெண்டு. கீழ சின்னதா ஒண்ணு."

"சின்னதுக்கும் பெருசுக்கும் என்ன உறவு?"

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதில் இல்லை. வடிவொத்த முக்கோணங்கள் என்பதை நானே சொன்னேன். பெரிய முக்கோணத்தில் 12-க்கு 4 என்றால் சின்னதிலும் அதே விகிதம்தான், தண்ணீர் எந்த ஆழத்தில் இருந்தாலும் ஆரம் அதில் மூன்றில் ஒன்று. இதைச் சொன்னதுமே பென்சிலை எடுத்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் விடை வந்தது: ஒன்றின் கீழ் இரண்டு பை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 அங்குலம்.

அப்புறம் கேட்டாள்: "இது எந்த சாப்டர்மா?"

அது கால்குலஸில் எந்த அத்தியாயமும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு ஜியாமெட்ரி. அந்த வகுப்பில் அவள் உட்காரவே இல்லை. எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், எட்டு வாரத்தில், நாங்கள் அதைத் தாண்டவைத்திருந்தோம்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸின் வடக்குப் புறநகர். கணக்கில் கொஞ்சம் முன்னே போகிற பிள்ளைகளுக்கு இங்கே ஏணி இப்படி இருக்கும்: எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா ஒன், ஒன்பதில் ஜியாமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா டூ, பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். நடுவில் ஒரு படியை எடுத்துவிட்டால் பதினொன்றிலேயே கால்குலஸ். அப்படி எடுப்பதற்கு மாநிலச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கிரெடிட் பை எக்ஸாம் என்று பெயர், பெற்றோர் எல்லாரும் சொல்வது சி.பி.இ. ஒரு பாடத்தை வகுப்பில் படிக்காமலேயே அதன் தேர்வை எழுதலாம். 80 விழுக்காடு எடுத்துவிட்டால் அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கு. ஓராண்டுப் பாடம் என்றால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒன்றாக இரண்டு தேர்வு.

இதில் தாண்டுவதற்கென்றே எல்லாரும் தேர்ந்தெடுக்கும் பாடம் ஜியாமெட்ரி. காரணம் புரியாமல் இல்லை. அல்ஜீப்ரா ஒன்றிலிருந்து டூவுக்கு ஒரே கோடாகப் போகலாம், நடுவில் ஜியாமெட்ரி ஏதோ கிளைச்சாலை மாதிரி தெரிகிறது. தவிர, 2013-இல் டெக்சாஸ் சட்டமன்றம் உயர்நிலைப் பள்ளி மாநிலத் தேர்வுகளை 15-இலிருந்து 5-ஆகக் குறைத்தபோது அல்ஜீப்ரா ஒன் தேர்வை வைத்துக்கொண்டார்கள், ஜியாமெட்ரித் தேர்வை எடுத்துவிட்டார்கள். மாநிலம் தேர்வு வைக்காத பாடம் பெற்றோர் கண்ணுக்கு எடை குறைந்த பாடமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

எனக்கு இந்த யோசனை வந்தது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில். பிள்ளைகள் உள்ளே உயிர்மெய் எழுதிக்கொண்டிருக்கும் இரண்டு மணி நேரம் வெளியே நாங்கள் பேசுவது இதுதான். "உங்க பொண்ணு எந்த மேத்ஸ்ல இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், கேட்டவருடைய பிள்ளை அதற்கு ஒரு படி மேலே இருக்கிறது என்று அர்த்தம். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. எல்லாருக்கும் உள்ளே ஒரு பயம். எனக்கும் இருந்தது.

அந்தப் பயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1997-இல் இந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: பள்ளியில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். கிராமப் பள்ளிப் பிள்ளைக்கும் நகரத்து ஏழைப் பள்ளிப் பிள்ளைக்கும் கதவைத் திறந்துவிட்ட நல்ல சட்டம் அது. ஆனால் ஆஸ்டினில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தில் கூட்டம் தாங்காமல் அந்த வரம்பு குறைந்துகொண்டே வந்து 6 விழுக்காடு ஆனது. 2026 இலையுதிர் காலத்தில் சேருகிறவர்களுக்கு 5. அந்த வரிசையைத் தீர்மானிப்பது பாடப் புள்ளிகளின் சராசரி. எங்கள் பள்ளி டிஸ்ட்ரிக்டில் சாதாரண வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கினால் 5.0 புள்ளி, அட்வான்ஸ்டு வகுப்பில் 5.5, ஏ.பி. வகுப்பில் 6.0. ஜியாமெட்ரிக்கு ஏ.பி. கிடையாது. ஆக, ஜியாமெட்ரியில் ஒரு வருடம் உட்காருவது 5.5-ஐ வாங்கிக்கொண்டு உட்காருவது. அதைத் தாண்டிவிட்டால் பின்னால் ஒரு ஏ.பி. வகுப்புக்கு இடம் கிடைக்கும். ஒரே ஆண்டில் 700, 800 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அந்த அரைப் புள்ளி எத்தனை இடம் தள்ளும் என்று இரவில் உட்கார்ந்து கணக்குப் போட்டவள் நான்.

அந்தக் கணக்கில் முக்கோணம் எங்கேயுமே வரவில்லை.

எட்டு வாரம் எப்படிப் போனது என்றால், காலையில் 2 மணி நேரம் காணொளிப் பாடம், மாலையில் மாதிரி வினாத்தாள். அவள் புத்திசாலி. வினாக்களின் சாயலைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். 30-60-90 முக்கோணம் என்றால் எந்தப் பக்கத்தில் ரூட் மூன்று வரும், வட்டத்துக்குள் கோணம் என்றால் எதைப் பாதியாக்க வேண்டும் என்று எல்லாம் அட்டைகளில் எழுதிக்கொண்டாள். நிரூபணக் கணக்குகளை விட்டுவிடலாம், தேர்வில் அதிகம் வராது என்று யாரோ சொன்னார்கள், நாங்களும் விட்டுவிட்டோம். முதல் செமஸ்டர் தேர்வில் 91, இரண்டாவதில் 84. அன்று இரவு வெளியில் சாப்பிடப் போனோம்.

இப்போது திரும்பிப் பார்க்கும்போது 84 என்ற எண் என்னை உறுத்துகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை 84 வாங்கினால் ஆசிரியர் கூப்பிட்டு எதில் தடுமாறினாய் என்று கேட்பார். சி.பி.இ.யில் 84 என்றால் தேர்ச்சி, அவ்வளவுதான். மீதி 16 எங்கே இருக்கிறது என்று யாரும் தேடவில்லை. ஏற்கெனவே தெரிந்த பிள்ளை மறுபடியும் அதையே கேட்டுக்கொண்டு உட்கார வேண்டாம் என்பதற்காக வந்த தேர்வு அது. நாங்கள் அதைப் படிப்பதற்குப் பதிலாக வைத்துக்கொண்டோம்.

இரண்டும் வேறு வேறு என்பது எனக்குப் புரிந்தது இன்னொரு பையனைப் பார்த்துத்தான். தமிழ்ப் பள்ளியில் முன்பு நான் பாடம் எடுத்த வகுப்பில் இருந்தவன். ஆறாம் வகுப்பிலேயே, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் ஏன் எப்போதும் 180 வருகிறது என்று அவனுக்குத் தூக்கம் வரவில்லை. காகிதத்தில் முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து ஒன்றாகச் சேர்த்து ஒட்டி எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். "கோளத்து மேல போட்டா இது வராது ஆன்ட்டி" என்று அடுத்த வாரம் வந்து சொன்னான். அவனும் ஜியாமெட்ரியைத் தாண்டினான், அதற்கு மேலும் ஒன்றைத் தாண்டினான். அவன் தாண்டியதில் எதுவும் விட்டுப்போகவில்லை, ஏனென்றால் அந்த வகுப்பு அவனுக்கு உள்ளே எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. அவனை இன்னொரு வருடம் அங்கே உட்கார வைத்திருந்தால் அது கொடுமை. அதை மனசார நம்புகிறேன்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக இந்த நாட்டில் நிறையப் பேர் உழைத்திருக்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியல் பேராசிரியர் 1971-இல் கணிதத்தில் முந்திய சிறுவர்களைப் பற்றிய ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். வயதுக்கேற்ற தேர்வில் எல்லாரும் நூற்றுக்கு நூறு வாங்கினால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது, கூரையை உயர்த்தினால்தான் தெரியும் என்பது அவர் யோசனை. 2004-இல் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் அறிக்கை, தகுதியான பிள்ளைகளை முன்னே அனுப்புவதால் படிப்பில் நன்மைதான் என்று ஆராய்ச்சிகளைத் தொகுத்துச் சொன்னது. இதையெல்லாம் நானும் அந்தக் கோடையில் படித்தேன். படித்து, என் முடிவுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அந்த ஆராய்ச்சிகள் பேசுவது வயதுக்கு மேலே கற்றுவிட்ட பிள்ளைகளைப் பற்றி என்பதில் என் கண் நிற்கவில்லை.

கோடையில் படித்தது தவறு என்றும் சொல்லமாட்டேன். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் ஹைமே எஸ்கலாண்டே என்ற ஆசிரியர் இருந்தார், பொலிவியாவிலிருந்து வந்தவர். 1982-இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏ.பி. கால்குலஸ் தேர்வில் தேறியபோது, உழைக்கும் குடும்பத்து லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளால் இது எப்படி முடியும் என்பது போலச் சந்தேகம் கிளம்பி, பலரை மறுபடி எழுதச் சொன்னார்கள். எழுதியவர்கள் எல்லாரும் மறுபடியும் தேறினார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது ஏதோ ஒரே வருடத்தில் கூட்டல் கழித்தலிலிருந்து கால்குலஸுக்குப் பறந்துவிட்ட மாதிரி சொல்வார்கள். உண்மையில் அவர் அந்தப் பள்ளியில் சேர்ந்தது 1974-இல். கீழ் வகுப்புகளிலிருந்து ஒவ்வொரு பாடமாகப் பலப்படுத்திக்கொண்டு வந்தார். பின்னால் பக்கத்து சமுதாயக் கல்லூரியில் கோடை வகுப்புகள் நடந்தன, பிள்ளைகள் அங்கே விட்டுப்போன பாடங்களைப் படித்து முடித்து வந்தார்கள். அதுவும் கோடைதான், அதுவும் வேகம்தான். ஆனால் அங்கே ஆசிரியர் இருந்தார், கரும்பலகை இருந்தது, "ஏன்" என்று கேட்கப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை இருந்தது. என் மகளுக்கு ஒரு மடிக்கணினியும் அட்டைக் கட்டும் இருந்தன.

அந்த அக்டோபருக்குப் பிறகு பார்த்தால் தொட்டி மட்டும் இல்லை. டிசம்பருக்கு அப்புறம் திண்மங்களின் கன அளவு வந்தது. ஒரு வளைகோட்டின் மேல் சமபக்க முக்கோணத் துண்டுகளை அடுக்கினால் வரும் உருவத்தின் கன அளவைத் தொகையிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். முக்கோணத்தின் பரப்பு ரூட் மூன்றின் கீழ் நான்கு, பெருக்கல் பக்கத்தின் வர்க்கம் என்று அவளுக்கு மனப்பாடம். "அது எங்கேருந்து வந்துச்சு?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. அதற்குக் கொஞ்சம் கோபமும் பட்டாள், "ஃபார்முலா அதுதானே, எங்கேருந்து வந்தா என்ன?" என்று. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அப்படிப் படிக்கச் சொன்னதே நாங்கள்தான்.

ஊருக்குப் போனபோது அலமாரியில் கிடந்த என் பழைய ஜியாமெட்ரி பாக்ஸை அதற்கு முந்தின வருடம் எடுத்து வந்திருந்தேன், சும்மா ஒரு நினைவுக்காக. மூடி துருப்பிடித்திருந்தது, கவராயத்தின் முனை மட்டும் அப்படியே கூர்மையாக இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் சனிக்கிழமை மாலைகளில் அதைத் திறந்தோம். நான் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படித்தவள். முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக வரையும் கோடு மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும் என்ற தேல்ஸ் தேற்றத்தை, தரவு, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று நான்கு தலைப்புப் போட்டு எழுதிய கை இது. அவளுக்கும் அப்படியே எழுதிக் காட்டினேன். முதல் இரண்டு வாரம் கடனே என்று செய்தாள். மூன்றாவது வாரம், சமபக்க முக்கோணத்தில் உச்சியிலிருந்து செங்குத்துக் கோடு ஒன்றை அவளாகவே இறக்கினாள். அடிப்பக்கம் இரண்டாகப் பிரிந்தது. பித்தாகரஸ் போட்டாள். ரூட் மூன்று வந்து நின்றது. "ஓ, இதுதானா" என்றாள், மெதுவாக, என்னிடம் சொல்வது மாதிரி இல்லாமல்.

அந்த "ஓ" ஒன்பதாம் வகுப்பிலேயே வந்திருக்க வேண்டியது. ஜியாமெட்ரியை நான் இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். இங்கே பள்ளிக் கணக்கில் ஒரு பிள்ளை "இது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை ஒரு வருடம் முழுக்க வைத்துக்கொண்டிருக்கும் வகுப்பு அது ஒன்றுதான். மற்ற வருடங்களில் விடை வரும் வழியைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே படத்தின் முன்னால் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கவும், அப்படி உட்கார்ந்திருப்பது தோல்வி இல்லை என்றும் பழக்குகிறார்கள். நல்ல ஆசிரியர் அமைந்தால்தான், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2012-இல் அமெரிக்கக் கணிதச் சங்கங்கள் இரண்டு, பள்ளி ஆசிரியர்களுடையதும் கல்லூரிப் பேராசிரியர்களுடையதும், சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. பன்னிரண்டாம் வகுப்புக்குள் பிள்ளையைக் கால்குலஸுக்குள் தள்ளி வெளியே எடுப்பது பள்ளிக் கணிதத்தின் இறுதி இலக்காக இருக்கக் கூடாது, கல்லூரியில் தாங்கி நிற்கும் அடித்தளம்தான் இலக்கு என்பது அதன் சாரம். கணக்கையே தொழிலாகக் கொண்டவர்கள் கேட்டுக்கொண்டது இது. எங்கள் கார் நிறுத்துமிடம் வரை அது வந்து சேரவில்லை.

வேறு பக்கம் போய் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதும் விடை இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எடுத்துவிட்டார்கள், யாரும் பின்தங்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில். வசதி உள்ளவர்கள் வெளியே காசு கொடுத்து அதே அல்ஜீப்ராவைப் படிக்கவைத்தார்கள், வசதி இல்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் கதவு மூடியது. 2024 மார்ச்சில் இதை வாக்கெடுப்புக்கு விட்டபோது 80 விழுக்காட்டுக்கு மேல் மக்கள் அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். டெக்சாஸ் இதில் நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறது. 2023-இல் வந்த சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு மாநிலக் கணிதத் தேர்வில் மேல் 40 விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளையைப் பள்ளியே ஆறாம் வகுப்பில் மேல்நிலைக் கணிதத்தில் சேர்க்க வேண்டும். பெற்றோர் வேண்டாம் என்றால்தான் விலக்கு. கேட்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு மட்டும் என்று இருந்தது கொஞ்சம் மாறுகிறது. எங்களைப் போன்றவர்களுக்குக் கேட்கத் தெரியும். அதனால்தான் எங்கள் தவறுகள் பிள்ளையை அதிகமாக முன்னே தள்ளும் பக்கம் இருக்கின்றன.

மே மாதத் தேர்வில் அவளுக்கு 5-க்கு 4 வந்தது. நல்ல மதிப்பெண். அந்த ஒரு புள்ளி ஜியாமெட்ரியால் போனது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் பதினொன்றில் கால்குலஸ் முடித்து நாங்கள் மிச்சப்படுத்திய அந்த வருடம் என்ன ஆனது என்று மட்டும் சொல்கிறேன். பன்னிரண்டில் ஏணியில் அடுத்த படி எங்கள் பள்ளியில் இல்லை. ஏ.பி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்தாள். 6.0 கிடைத்தது. கணக்கில் அவளுக்கு இருந்த பசி அந்த வருடம் கொஞ்சம் அடங்கிப்போனது போல எனக்குத் தோன்றுகிறது, அம்மாவின் கண்ணுக்கு மட்டும் தெரிவதாகவும் இருக்கலாம்.

மகன் இப்போது எட்டில், அல்ஜீப்ரா ஒன். பிப்ரவரியில், அடுத்த வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வந்தது. முன்னே போக அவனுக்கும் ஆசை, அக்கா போனாளே என்று. கவுன்சலரிடம் கேட்டதில், ஒன்பதாம் வகுப்பில் ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா டூவையும் ஒரே வருடத்தில் சேர்த்து எடுக்கலாம் என்றார். ஒரு விருப்பப் பாடத்தின் இடம் போகும், வீட்டுப்பாடம் இரண்டு மடங்கு. ஆனால் எதையும் தாண்ட வேண்டியதில்லை. மகள் எட்டில் இருந்தபோது இப்படி ஒரு வழி இருப்பதையே நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவன் யோசிக்கட்டும் என்று படிவத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தேன்.

நேற்று இரவு மேசையில் அவன் படித்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தை இழுத்து, தலைகீழாக ஒரு முக்கோணம் போட்டு, அதற்கு மேல் ஒரு வட்ட விளிம்பையும் வரைந்தாள்.

"தொட்டி 12 அடி. தண்ணி 6 அடி வரைக்கும் இருக்கு. தொட்டியில எவ்வளவு பங்கு நிரம்பியிருக்கு?"

"பாதி" என்றான் அவன், தலையைத் தூக்காமலே.

"நிஜமாவா?"

அவன் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினான். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டான். கோட்டுக்குக் கீழே இருந்ததைப் பார்த்தான், மேலே இருந்ததைப் பார்த்தான். பாதி என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்தினான். அப்புறம் எழுந்து போய், மாடத்திலிருந்து அந்தத் துருப்பிடித்த பாக்ஸை எடுத்து வந்தான்.

மகள் என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேருமே விடையைச் சொல்லவில்லை.